துட்டன்காமன் குத்துவாள்: இரும்பு விண்ணுடையது, வேலை யாருடையது?

பழைய வாளொன்று மண்ணுக்குள்ளிருந்தோ கல்லறைக்குள்ளிருந்தோ வெளிப்பட்டால், கண்டவர் யாவரும் கேட்கும் முதற்கேள்வி, ‘இது எந்நாட்டு வேலை?’ என்பதே. ஒரே கேள்வியாகத் தோன்றினும் அதனுள் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? அதனை அலகாக அடித்தவன் எந்நாட்டுக் கொல்லன்? பிடியும் உறையும் செய்தவன் யார்? கடைசியாக உடையவன் கைக்கு அது எவ்வழியே வந்து சேர்ந்தது? இந்நான்கிற்கும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

தோட்டத்து மண்வெட்டியின் தகடு கப்பலேறி வந்ததாக இருக்கும். காம்போ தோட்டத்துத் தச்சர் இழைத்ததாக இருக்கும். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியிலும் இவ்வாறே. ஜாவாவில் அடித்த அலகுக்குத் தீபகற்பத்தில் புதுப்பிடி பூட்டுவதும், உறை மட்டும் மூன்றாமவர் கைவேலையாக இருப்பதும் உண்டு. அலகைப் பார்த்துப் பிடிக்கும், பிடியைப் பார்த்து அலகுக்கும் ஊர் சொல்லப் புகுந்தால் தவறு நேரும்.

இவ்வுண்மையை உரைத்துப் பார்க்க ஏற்ற பொருள், எகிப்து மன்னன் துட்டன்காமனின் இரும்புக் குத்துவாள். அதன் பிறப்பைப் பற்றி 2016-ஆம் ஆண்டிலும் 2022-ஆம் ஆண்டிலும் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. முன்னது, இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது என்பதை நிலைநாட்டியது. பின்னது, அதனை வலுப்படுத்தியதோடு, வாள் மிட்டானி நாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தையும் முன்வைத்தது. முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் உள்ள சான்றுகளின் எடை ஒன்றன்று. ஒன்றின் உறுதியை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்வது அறிவுக்குப் பொருந்தாது. இக்கட்டுரை அவ்வெடையை நிறுத்துப் பார்க்கிறது.

கல்லறையில் கண்ட வாள்

எகிப்தில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் அரசர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1922 நவம்பர் 4-ஆம் நாள், ஹோவார்ட் கார்ட்டர் என்ற ஆங்கில அகழ்வாராய்ச்சியாளரின் ஆட்கள் அங்கே பாறையில் வெட்டிய படியொன்றைக் கண்டனர். அப்பணிக்குப் பொருளுதவி செய்து வந்தவர் கார்னார்வன் பிரபு. அப்படியே துட்டன்காமன் கல்லறைக்கு வழி காட்டியது. கல்லறைப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வெளிக்கொணர்ந்ததால், மன்னனின் உடலைப் பொதிந்திருந்த துணிகளைப் பிரிக்கும் நாள் 1925 நவம்பரில்தான் வந்தது. உடற்கூற்றுப் பேராசிரியர் டக்ளஸ் டெரி அப்பணியைச் செய்தார்.

துணி மடிப்புகளுக்குள் இரண்டு குத்துவாள்கள் இருந்தன. ஒன்றின் அலகு பொன். மற்றொன்று வலத்தொடையின்மேல் வைக்கப்பட்டிருந்தது. அதன் அலகு இரும்பு. முழுநீளம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். பிடி பொன்னாலானது, அதன்மேல் நுண்ணிய பொன்மணிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. பிடியின் தலையில் பளிங்குக் குமிழ். பொன்னுறையின் ஒருபுறம் அல்லிமலர் வேலை, மறுபுறம் இறகு வரிசை, நுனியில் நரித்தலை. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்தும் அவ்விரும்பில் சில துருப்புள்ளிகளே காணப்பட்டன.

இதில் வியப்பென்ன என்று இக்காலத்தார் கேட்கலாம். துட்டன்காமன் கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். சிறுவனாக அரியணை ஏறி, இருபது வயது நிரம்புமுன் மறைந்தவன். அது வெண்கலக் காலம். எகிப்தில் தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் தொழில் பரவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே. அவன் காலத்து எகிப்தில் பொன்னைக் காட்டிலும் இரும்பு அரிது. ஆகவேதான், பொன் குவிந்து கிடந்த அக்கல்லறையில் இரும்பலகு ஒன்று இருந்தது தனிச்சிறப்பாயிற்று.

முதற் கேள்வி: இரும்பின் பிறப்பு

மண்ணில் கிடைக்கும் தாதுவை உருக்கி எடுத்த பழங்கால இரும்பில் நிக்கல் மிகக் குறைவு. நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டுவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. விண்ணிலிருந்து விழும் இரும்புக் கற்களிலோ நிக்கல் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கும். ஆகவே நிக்கலை அளந்தால் இரும்பின் குலம் தெரியும்.

ஆனால் அளப்பது எளிதாயிருக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற பொருளிலிருந்து துண்டு வெட்டி எடுக்க யார் இசைவர்? மேற்பரப்பைச் சிதைக்காமல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, உலோகம் திருப்பியனுப்பும் ஒளிர்வைக் கொண்டு அளக்க வேண்டியிருந்தது. 1994-இல் இவ்வகையில் எடுத்த அளவு, நிக்கல் நூற்றுக்கு 2.8 என்று காட்டியது. அதனால் அலகு விண்ணிரும்பு என்ற எண்ணமே ஐயத்துக்குள்ளாயிற்று.

கருவிகள் திருந்தின. இத்தாலிய, எகிப்திய ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க புதிய கருவியால் மீண்டும் அளந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். நிக்கல் நூற்றுக்கு 10.8, கோபால்ட் 0.58. இரண்டும் சேர்ந்து இவ்வளவாக இருப்பது விண்கல்லின் இயல்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆயினும் அந்த ஒரு சோற்றைப் பதம் பார்க்கும் விரல் தேர்ந்த விரலாக இருக்க வேண்டும் என்பதை 1994-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட வேறுபாடு கற்பிக்கிறது.

2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சிக் குழுவொன்று கெய்ரோ கண்காட்சிச் சாலையில் அலகை மேலும் நுணுகி ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டது. அவர்கள் ஓரிரு புள்ளிகளோடு நிற்கவில்லை. அலகின் பரப்பெங்கும் எந்தத் தனிமம் எவ்வாறு பரவியிருக்கிறது என்று படமாகவே எடுத்தனர். அப்படத்தில் நிக்கல், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பட்டைகளாகத் தெரிந்தது. வியன்னா நகரத்து விட்மன்ஸ்டாட்டன் என்பார் 1808-இல் விண்கற்களில் கண்டறிந்த கோலம் இதுவே. உருகிய இரும்பும் நிக்கலும் ஒரு சிறுகோளின் உட்புறத்தில், பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில பாகை முதல் சில ஆயிரம் பாகை என்ற வேகத்தில் குளிர்ந்தால்தான் இக்கோலம் உண்டாகும். மனிதரின் உலைக்களத்தில் இது பிறக்காது.

இக்கோலம் அழியாமல் நின்றது மற்றோர் உண்மையையும் சொல்கிறது. கொல்லன் இரும்பை மிகையாகக் காய்ச்சியிருந்தால் கோலம் கலைந்து போயிருக்கும். ஆகவே 950 பாகைக்குக் குறைந்த சூட்டிலேயே அலகு அடிக்கப்பட்டது என்று அக்குழுவினர் கணித்தனர். இந்த அளவில் ஐயத்துக்கு இடமில்லை. அளவும் கோலமும் ஒரே விடையைத் தருகின்றன. அலகின் இரும்பு விண்ணிலிருந்து வந்தது.

எகிப்தியருக்கு விண்ணிரும்பு புதிதுமன்று. கெர்சே என்னுமிடத்தில் 1911-இல் கண்டெடுத்த ஒன்பது இரும்பு மணிகள் ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்தவை. அவையும் விண்கல்லைத் தகடாகத் தட்டிச் சுருட்டிச் செய்தவை என்பது 2013-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. கி.மு. 13-ஆம் நூற்றாண்டளவில் எகிப்திய எழுத்துகளில் இரும்புக்கு ‘விண்ணின் உலோகம்’ என்று பொருள்படும் சொல்லொன்றும் தோன்றியது.

எங்கே விழுந்த கல்?

விண்கல் என்று தெரிந்தவுடனே, எங்கே விழுந்த கல் என்ற ஆவல் எழுவது இயல்பு. 2016-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் செங்கடலை நடுவாகக் கொண்டு 2,000 கிலோமீட்டர் சுற்றளவில் பதிவான இரும்பு விண்கற்களோடு அலகின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். இருபது கற்களில் ஒன்று மட்டும் நெருங்கி வந்தது. எகிப்தின் வடகரையில் மெர்சா மத்ரூ அருகே 2000-ஆம் ஆண்டில் கிடைத்து, கார்கா என்று பெயர் பெற்ற கல் அது.

ஒப்புமை உண்மை, அதிலிருந்து உறவு கற்பிப்பதுதான் இடர். ஒரே அளவு நிக்கலுள்ள விண்கற்கள் உலகில் ஒன்றல்ல, பல. விழுந்த கற்களில் மனிதர் கண்ணில் பட்டவை சில. பட்டவற்றுள் பதிவானவை இன்னும் சில. பழங்காலத்தார் முழுவதும் எடுத்து அடித்துத் தீர்த்த கல் இன்று எந்தப் பட்டியலிலும் இராது. ஒரே உயரமும் நிறமும் உடைய இருவரை உடன்பிறந்தார் என்று எவரும் சாதிப்பதில்லை. கார்கா ஒப்புமை ஒரு குறிப்பு, சான்று அன்று.

மேலும், கல் விழுந்த நாட்டிலேயே வாள் பிறந்தது என்பதும் கட்டாயமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவின் பிரம்பானான் பகுதியில் கிடைத்த விண்கல் சுராகார்த்தா அரண்மனைக்குச் சென்றது. அதன் இரும்பு கிரிஸ் அலகுகளில் வெள்ளி வரிகளாக ஓடும் ‘பாமோர்’ வேலைக்குப் பயன்பட்டது. கல் கிடந்த இடம் ஒன்று. உலை மூண்ட இடம் வேறு. பின்னர் அக்கத்தி யார் இடையில் தொங்கியது என்பது மூன்றாவது செய்தி.

இரண்டாம் கேள்வி: எந்நாட்டுக் கொல்லன்?

இக்கேள்விக்குத்தான் 2022-ஆம் ஆண்டு ஆய்வு மிட்டானியைச் சுட்டியது. மிட்டானி என்பது இன்றைய வட சிரியாவையும் அதனை அடுத்த மேல் மெசப்பத்தாமியாவையும் ஆண்ட அரசு. அதன் ஆதாரங்கள் இரண்டு. ஒன்று கடிதம், மற்றொன்று பிடிக்குள் இருக்கும் சுண்ணாம்பு.

கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்வது முறை. 1887-இல் எகிப்தின் அமர்ணா என்னுமிடத்தில் களிமண் பலகைகள் பல கிடைத்தன. அவை பிற நாட்டு மன்னரும் சிற்றரசரும் எகிப்து அரசவையோடு நடத்திய கடிதப் போக்குவரத்து. அவற்றுள் ஒன்று, மிட்டானி மன்னன் துஷ்ரத்தா தன் மகள் தாதுகேபாவை எகிப்து மன்னன் மூன்றாம் அமென்ஹோத்தெப்புக்கு மணமுடித்துக் கொடுத்தபோது அனுப்பிய சீர்வரிசைப் பட்டியல். அப்பட்டியலில் இரும்பலகு கொண்ட குத்துவாள்களும் பொன்வேலைப் பிடிகளும் சொல்லப்படுகின்றன. மூன்றாம் அமென்ஹோத்தெப் துட்டன்காமனின் பாட்டன் என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. பாட்டனுக்கு வந்த சீர் பேரனுக்குச் சேர்ந்தது என்பது கேட்பதற்கு மிகவும் பொருத்தமாகவே இருக்கிறது.

பொருத்தம் வேறு, மெய்ப்பு வேறு. பட்டியலில் உள்ளது சொல். கல்லறையில் உள்ளது பொருள். இரண்டையும் பிணைக்கும் அடையாளம் ஒன்று வேண்டும். பட்டியல் சொல்லும் வாள் ஒன்றல்ல. எனவே ‘அவ்வாளே இவ்வாள்’ என்று விரலை நீட்ட இயலாது. பொன்பிடியும் கற்குமிழும் அக்காலத்து அரச வாள்களுக்குப் பொதுவான அணிகள். இருவர் ஆட்சிக்கும் இடையே அக்னாத்தன் காலத்துக் குழப்பங்கள் வேறு இருந்தன. இந்த இடைவெளியில் அரண்மனைப் பண்டங்கள் எத்தனை கை மாறியிருக்கும் என்பதைச் சொல்லத்தக்க ஏடு எதுவுமில்லை.

பிணைப்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1621-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜலந்தர் வட்டாரத்துச் சிற்றூரொன்றில் விண்கல் விழுந்தது. எடை 160 தோலா. மொகலாய மன்னர் ஜஹாங்கீர் அதனைத் தம் கொல்லரிடம் கொடுத்தார். அந்த இரும்பு சம்மட்டி அடிக்கு நிற்காமல் உடைந்தமையால், மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு வேறு இரும்பைக் கலந்து வாள்களும் கத்தியும் குத்துவாளும் செய்யச் சொன்னார். இவ்வளவையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியும் வைத்தார். அக்கத்தி வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் அலகிலேயே அச்செய்தி பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏடு சொல்வதைப் பொருளும் சொல்கிறது. பத்திரத்தில் கண்ட எல்லைக்கல் நிலத்திலும் நிற்பது போன்றது இது. துட்டன்காமன் வாளுக்குப் பத்திரம் போன்ற ஒன்று இருக்கிறது, எல்லைக்கல் இல்லை.

சுண்ணாம்புச் சான்றின் வலுவும் மெலிவும்

அந்த எல்லைக்கல்லையே ஜப்பானியக் குழுவினர் பிடிக்குள் தேடினர். தட்டார் வேலை அறிந்தவர்க்கு இது விளங்கும். உட்குடைவான பொன்னுருவில் அரக்கையோ வேறு பசையையோ நிரப்பி உறுதி செய்வது வழக்கம். இவ்வாளின் பொற்பிடியை ஆராய்ந்தபோது கால்சியம் தென்பட்டது, கந்தகம் தென்படவில்லை. எகிப்தியர் வழக்கமாகப் பயன்படுத்திய ஜிப்சம் சாந்தில் கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே இருக்கும். கந்தகம் இல்லையெனவே, ஒட்டுப்பொருள் ஜிப்சம் அன்று, சுட்ட சுண்ணாம்புச் சாந்து என்று அவர்கள் கொண்டனர். சுட்ட சுண்ணாம்பு எகிப்தில் பெருவழக்கானது தாலமி மன்னர் காலத்தில், அதாவது துட்டன்காமனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர். மிட்டானிப் பகுதியிலோ அது முன்னரே வழங்கியது. ஆகவே பிடி வடநாட்டு வேலை என்பது அவர்கள் வாதம்.

வாதம் கூர்மையானது, படிப்படியாக அமைந்தது. எனினும் ஒரு படி இடறுகிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை தனிமத்தைக் காட்டுமே ஒழியச் சேர்மத்தைக் காட்டாது. கால்சியம் இருக்கிறது என்று அது சொல்லும். அக்கால்சியம் சூளையில் சுட்ட சுண்ணாம்பாக வந்ததா, சுடாத சுண்ணக்கல்லை அரைத்த பொடியாக வந்ததா என்று சொல்லாது. நீற்றிய சுண்ணாம்பும் நாளடைவில் காற்றை உண்டு மீண்டும் சுண்ணக்கல்லின் இயல்பையே அடைந்துவிடும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வேதியியல்.

எகிப்தியரிடம் சுண்ணக்கல் பொடி இல்லாமலா போயிற்று? அப்பொடியை வச்சிரப் பசையோடு குழைத்த பூச்சு அவர்களுடைய சவப்பெட்டிகளிலும் மரப்பொருள்களிலும் பொன்தகட்டுக்கு அடித்தளமாகப் பெருவழக்கில் இருந்தது. துட்டன்காமன் கல்லறைப் பொருள்களைக் கார்ட்டரோடு இருந்து பாதுகாத்த வேதியியலார் ஆல்பிரட் லூக்காஸ், எகிப்தியரின் பொருள்களையும் தொழில்களையும் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். சுட்ட சுண்ணாம்பு தாலமியர் காலத்துக்கு முன் எகிப்தில் வழங்கவில்லை என்பதும் அவர் கொள்கை. சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு அதற்கு நெடுங்காலம் முன்பே வழங்கியது என்பதும் அவர் கண்ட உண்மை. முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், கந்தகமில்லாத கால்சியம் வடநாட்டைக் காட்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் அதே கால்சியம் எகிப்தையும் காட்டும்.

இதனைத் தீர்க்க வழி உண்டு. பிடிக்குள்ளிருந்து கடுகளவு எடுத்து நுண்ணோக்கியில் காணல் வேண்டும். சுடாத பொடியில் பழங்கடல் உயிர்களின் நுண்ணிய ஓடுகள் தங்கியிருக்கக் கூடும். சூளையில் வெந்த சுண்ணாம்பில் அவை அழிந்திருக்கும். அத்தகைய சோதனையின் முடிவு வரும்வரையில் சுண்ணாம்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். தீர்ப்பை எழுதும்படி அதனிடம் விடலாகாது.

வடக்கே காட்டும் பிற குறிகள்

மிட்டானிக் கருத்தின் மெலிவைச் சொல்பவர் அதன் வலுவையும் மறைத்தல் ஆகாது. துருக்கி நாட்டின் அலாஜா ஹொயுக் என்னுமிடத்து அரச கல்லறையில் பொற்பிடியுள்ள இரும்புக் குத்துவாள் ஒன்று கிடைத்தது. துட்டன்காமனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது அது. அதுவும் விண்ணிரும்பே என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் மன்னன் மூன்றாம் ஹத்துசிலி மற்றொரு மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், நல்ல இரும்பு இப்போது கைவசம் இல்லையென்றும், தற்போதைக்கு ஒரு குத்துவாள் அலகை அனுப்புவதாகவும் தெரிவித்தான். இரும்பலகை அரசர்க்கரசர் பரிசாக அனுப்பும் வழக்கம் வடக்கே வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை போதும்.

துட்டன்காமன் கல்லறையிலேயே வேறு இரும்புப் பொருள்களும் இருந்தன. பதினாறு சின்னஞ்சிறு கருவி அலகுகள், சிறிய தலையணை வடிவம் ஒன்று, காப்பில் பதித்த கண் வடிவம் ஒன்று. இவையும் விண்ணிரும்பே. ஆயினும் செய்நேர்த்தியில் இவை குத்துவாளுக்கு மிகவும் தாழ்ந்தவை. ஒரே கல்லறையில், ஒரே வகை உலோகத்தில் தேர்ந்த கையும் தேராத கையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தேர்ந்த கை அயல்நாட்டுக் கை என்று ஊகிக்க இது இடம் தருகிறது. ஊகம் வலியதே, ஆயினும் ஊகமே.

பிடியில் உள்ள பொன்மணி வேலையை வைத்து வடக்கே போவது அவ்வளவு உறுதியன்று. அவ்வேலை மெசப்பத்தாமியாவில் மிகப் பழையது என்பது உண்மை. ஆனால் துட்டன்காமனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பன்னிரண்டாம் மரபு மன்னர் காலத்து எகிப்திய அணிகலன்களிலும் அது காணப்படுகிறது. உறையின் இறகு வரிசையும் நரித்தலையும் எகிப்தியக் கலைக்கு மிகவும் நெருங்கியவை. எனவே அலகு ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் உடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெயர் மயக்கமும் பெருமை மயக்கமும்

மிட்டானி என்றதும் இந்தியர் செவியில் ஒருவகை ஆசை எழுவது இயல்பு. துஷ்ரத்தா என்ற பெயர் தசரதனை நினைவூட்டுகிறது. மிட்டானியர் ஹிட்டைட்டியரோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் என்ற தெய்வப் பெயர்கள் சாட்சியாக வருகின்றன. அது மெய். ஆயினும் அந்நாட்டு மக்களின் மொழி ஹுரியன். துஷ்ரத்தாவின் நீண்ட கடிதமொன்றும் அம்மொழியிலேயே இருக்கிறது. தெய்வப் பெயர் நான்கைக் கொண்டு குத்துவாளை இந்தியக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவருவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும்.

தமிழருக்கு வேறொரு மயக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இரும்பின் தொன்மையைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் எடுத்த மாதிரிகளின் காலக் கணிப்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை, அதாவது கி.மு. 3345 வரை செல்வதாக அது தெரிவித்தது. அக்கணிப்பைப் பற்றிய ஆராய்ச்சியாளர் விவாதம் ஒருபுறம் இருக்க, ‘அவ்வளவு தொன்மையான இரும்பு நம்மிடம் இருந்தால், துட்டன்காமன் வாளும் நம் நாட்டு இரும்பாக இருக்கலாமே’ என்று எவரேனும் எண்ணலாம்.

இருக்க முடியாது. காலம் இதற்கு விடை சொல்லவில்லை; உலோகம் சொல்கிறது. சிவகளை அறிக்கையின் சிறப்பு, மண்ணிலிருந்து எடுத்த தாதுவை மனிதன் உருக்கினான் என்பதில் இருக்கிறது. குத்துவாளின் இரும்போ உருக்கப்படாதது. விண்ணிலிருந்து உலோகமாகவே விழுந்தது. நூற்றுக்குப் பதினொன்றை ஒட்டிய நிக்கலும் குறுக்கு வரிக்கோலமும் உடைய அலகு எந்தத் தாது உலையிலும் பிறந்திருக்க முடியாது. தமிழகத்து உலைகளின் தொன்மை ஐயாயிரம் ஆண்டாயினும் பத்தாயிரம் ஆண்டாயினும் இவ்விடை மாறாது.

இதனால் தமிழர் பெருமைக்குக் குறைவொன்றும் இல்லை. விழுந்து கிடந்த உலோகத்தை எடுத்துத் தட்டுவது ஒரு திறன். கல்லுக்குள் மறைந்த உலோகத்தை நெருப்பால் வெளிக்கொணர்வது வேறொரு திறன். இரண்டாவது திறனுக்கு உரிமை கோருவோர் அதனை அதன் சொந்தச் சான்றுகளால் நிலைநாட்ட வேண்டும். பிறர் கல்லறையில் கிடந்த வாளைக் கடன் வாங்கிப் பெருமைக்கு முட்டுக் கொடுத்தால், வாள் பிறருடையது என்று தெரிந்த நாளில் உண்மையான பெருமையும் சேர்ந்து சாயும்.

தீர்ப்பின் அளவு

நான்கு கேள்விகளுக்கும் உரிய விடைகளை அவற்றின் எடைப்படி வரிசைப்படுத்தலாம். இரும்பு விண்ணிலிருந்து வந்தது, இது உறுதி. அலகை அடித்த கை எகிப்துக்கு வடக்கே இருந்த தேர்ந்த கை. இதற்கு வாய்ப்பு மிகுதி. பிடி மிட்டானி வேலை என்பது ஏற்கத்தக்க கருத்து. ஆனால் அதன் சுண்ணாம்புத் தூண் இன்னும் இறுகவில்லை. துஷ்ரத்தாவின் சீர்வரிசையில் வந்த வாளே இது என்பது அழகான கதை. அதனைக் கதையென்றே சொல்லி வைப்பது நேர்மை.

இரு ஆய்வுகளையும் செய்தவர்கள் தங்கள் துறையில் செம்மையாக உழைத்தவர்கள். ‘இருக்கலாம்’ என்று அவர்கள் எழுதிய இடத்தில் ‘இருந்தது’ என்று படித்துக்கொள்வதே படிப்பவரின் பிழை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் பழமொழி. தீர விசாரிப்பதாவது எல்லாக் கேள்விக்கும் விடை கண்டுவிடுவதன்று. எந்த விடை எவ்வளவு எடை தாங்கும் என்று அறிந்து, அவ்வளவு எடையை மட்டும் அதன்மேல் ஏற்றுவதே ஆகும். அம்முறையைக் கற்றுக்கொள்ளும் மாணவன், நாளை தன் ஊரில் கிடைக்கும் ஒரு துருப்பிடித்த கத்திக்கும் நேர்மையான வரலாறு எழுதுவான்.